நாடா வாசித்த வேதாகமம்

லிப்ட் மெக்கானிக்கின் கையெழுத்து என்றால் கையெழுத்துதான். பிரேக்கைத் தன் கையால் சோதித்துப் பார்க்காமல் பராமரிப்பு அட்டையில் பேனாவை வைக்கமாட்டார். "ஒரு நாள்தானே, போட்டுவிடுங்க" என்று யாராவது சொன்னால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

"கயிறு ஒரே நாள்ல அறுந்துபோகாது சார். பாக்காம விட்ட நாளெல்லாம் சேந்துதான் அறுக்கும்" என்பார்.

அவர் மனைவி நர்ஸ். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கும் நோயாளி அவளிடம் தப்பியதே கிடையாது. "நாக்கைத் தூக்குங்க" என்று டார்ச் அடித்துவிடுவாள்.

ஊருக்குத்தான் இந்த உபதேசமெல்லாம். வீட்டுக் கதை வேறு.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு மகள் ஒரு வேதாகமம் அனுப்பியிருந்தாள். கறுப்பு அட்டை, சிவப்பு நாடா, ஓரமெல்லாம் தங்கப்பூச்சு. புதுப் பூச்சு என்பதால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன; ஒவ்வொன்றையும் நகத்தால் 'சரக்' என்று பிரித்துத்தான் படிக்க வேண்டும். காலையில் அவர் ஓர் அதிகாரம் வாசித்து, ஜெபித்து, நாடாவை நகர்த்திவிட்டு வேலைக்குப் போவார். அவர் விட்ட இடத்திலிருந்து மத்தியானத்துக்குள் அவள். இரவுச் சாப்பாட்டில் அவரவர் படித்ததை மற்றவருக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கதை ஒட்டாது. யோசேப்பைச் சகோதரர்கள் விற்ற அதிகாரம் அவளுக்கு வாய்த்த நாளில், அவர் சோற்றில் கைவைத்தபடியே "பாவிப் பசங்க!" என்று கத்தினார். ஆறு வாரம் அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டாம் புத்தகமான யாத்திராகமம் முடிந்த மறுநாள் ஒரு புதுக் கட்டடத்திலிருந்து அவசர அழைப்பு. இன்றைக்கு மட்டும் என்று நாடாவை மட்டும் நகர்த்திவிட்டு ஓடினார். மறுநாளும் 'இன்றைக்கு மட்டும்'தான். சாப்பாட்டு நேரத்தில் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோமடா சாமி என்று இருந்தது அவருக்கு. ஆனால் நாடா மட்டும் நாளுக்கு நாள் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. 'அடேயப்பா, என்ன வேகமா படிக்கிறா! நான் பின்தங்கினா கண்டுபிடிச்சிடுவாளே' என்று இவரும் கொத்தாகப் பக்கங்களைத் தாண்டி வைத்தார்.

அதோடு கோபம் மூக்குக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. லிப்ட் பொத்தானை இரண்டு தரம் அழுத்தியவரிடமெல்லாம் சண்டை. வீட்டில் மனைவியும் அலமாரியை அறைந்து சாத்தினாள். ஜெபத்தில் அவர் 'ஆண்டவரே' என்று தொடங்கினால் அடுத்த வார்த்தை வரவில்லை. அவருக்கே அவரைப் பிடிக்கவில்லை.

நாலாவது மாதம் போதகர் வீட்டுக்கு வந்தார். மேசைமேல் இருந்த வேதாகமத்தைத் திறந்தவர் வாயைப் பிளந்தார்.

"நாடா கடைசிப் புத்தகத்துல, வெளிப்படுத்தின விசேஷத்துல இருக்கே! நாலே மாசத்துல முழு வேதாகமமா? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சபையில சாட்சி சொல்றீங்க, ஆமா!"

மெக்கானிக் திருதிருவென விழித்தார். மனைவி காபி போடுவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போனவள், வெகுநேரம் வரவில்லை.

ஆண்டவர் சந்நிதியில் பொய் சொல்வதா? உண்மையைச் சொன்னால், பாவம், உண்மையாகவே படித்த அவள் மனசு என்ன பாடுபடும்? சனிக்கிழமை காலை, முடிந்தவரை படித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். மூன்றாம் புத்தகம் லேவியராகமம், முதல் தாள். வரவில்லை. ஒட்டியிருந்தது. அடுத்ததும் ஒட்டியிருந்தது. எண்ணாகமம், சங்கீதம், எங்கே தொட்டாலும் தங்க ஓரம் கட்டியாக நின்றது; நாடா கிடந்த இடங்கள் மட்டும் விரிந்தன.

'நான்தான் படிக்கல. அவ படிச்சிருந்தா இது எப்படி ஒட்டியிருக்கும்?'

நிமிர்ந்தார். கையில் துடைப்பத்தோடு மனைவி நின்றிருந்தாள்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "கொஞ்சம் நாக்கைத் தூக்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோயிற்று. "அன்னிக்கு நீங்க நகர்த்தின இடத்தைப் பாத்தேன். அசதியா இருந்துச்சு. நாளைக்குச் சேத்துப் படிச்சிக்கலாம்னு... அப்புறம் உங்க வேகத்தைப் பாத்துப் பயந்துபோயி நானும் தள்ளித் தள்ளி..." சட்டென்று நிறுத்தினாள். "இருங்க. அப்ப நீங்க?"

"நானும் கையெழுத்து மட்டும் போட்டவன்தான்."

ஒரு நொடி இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்! முதலில் அவள்தான் சிரித்தாள். துடைப்பம் கீழே விழுந்தது. அவர் மேசையில் தலையைக் கவிழ்த்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவர் வாயில் "ஆண்டவரே, மன்னிச்சிடுங்க" என்று வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு தானாக வந்த ஜெபம். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

ஞாயிறன்று சபையில் எழுந்து நின்று, "நாங்க படிச்சது ரெண்டு புஸ்தகம். மிச்சத்தையெல்லாம் படிச்சது இந்த நாடா" என்று அதைத் தூக்கிக் காட்டினார். சபை குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், பின்வரிசையிலிருந்து ஒரு 'சரக்' கேட்டது. பிறகு இடப்பக்கம் ஒன்று. பிறகு ஏழெட்டு. போதகர் தன் புத்தகத்தை மெல்ல மேசைக்குக் கீழே கொண்டுபோனதை முன்வரிசையில் இருந்த நர்ஸ் பார்த்துவிட்டாள்.

அன்று மாலையே மெக்கானிக் கத்தரிக்கோலை எடுத்து நாடாவை அடியோடு வெட்டிவிட்டார். அவள் வேலை நேரத்தை மாற்றிக் கேட்டுக்கொண்டாள். இனி காலையில் இருவரும் சேர்ந்துதான். அவர் வாசிக்க, அவள் தாளைப் பிரிக்க.

"அடையாளம் இல்லாம நாளைக்கு எங்கேருந்துன்னு எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

"தெரியாம என்ன? நீ கொட்டாவி விட்ட இடத்திலேருந்து."

முதுகில் செல்லமாக ஓர் அடி விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே லேவியராகமத்தை எடுத்தார். 'சரக்' என்று முதல் தாள் பிரிந்தது.