மூன்றாம் கேள்விக்குச் சிவப்பு

டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தமிழ்ப்பள்ளியில் ஸ்ரீநிதிக்கு மேசை உண்டு, வகுப்பு உண்டு, நிரந்தர வேலை மட்டும் இல்லை. நான்கு ஆண்டுகளாக ஒப்பந்த ஆசிரியை. இன்று மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து தவமணி என்ற பெண் அதிகாரி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவள் அறிவியல் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். அது போதுமானதாக இருந்தால் வேலை நிரந்தரம். போதாவிட்டால் ஒப்பந்தம் முடிகிற அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மதிப்பீட்டுப் படிவத்தில் இணையக் கருவிகளுக்கென்றே இருபது மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள். எனவே இணையப் புதிர்ப்போட்டி. பெரிய திரையில் கேள்வியும் நான்கு நிறக் கட்டங்களில் நான்கு விடைகளும் வரும். பிள்ளைகளின் டேப்லெட்டில் வெறும் நிறங்கள்தான் தெரியும். விடை எந்த நிறமோ அதை அமுக்க வேண்டும். எத்தனை பேர் எதை அமுக்கினார்கள் என்பதைத் திரை உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே பாடத்தை ஒத்திகை பார்ப்பது பள்ளிகளில் ஊறிப்போன பழக்கம். அதை யாரும் தவறென்று சொல்வதில்லை, வெளியே மூச்சும் விடுவதில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களை வைத்து ஸ்ரீநிதியும் நேற்று மூன்று சுற்று ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது சுற்றிலும் பாதிப் பேர் தவறாக அமுக்கியதும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"மொதக் கேள்விக்கு மஞ்சள், ரெண்டாவதுக்குப் பச்சை, மூணாவதுக்குச் செவப்பு. எங்க, சொல்லுங்க பாப்போம்."

பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடிவிட்டார்கள். நான்காவது சுற்றில் இருபத்திரண்டு பேரும் எல்லாவற்றுக்கும் சரியான விடை. அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

போனவள் சும்மா இருந்திருக்கலாம். இன்று காலை ஆசிரியர் அறையில் புதிர்ப்போட்டியின் அமைப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, விடைகளின் இடத்தை மாற்றிப் போடும் பொத்தான் கண்ணில் பட்டது. ஒரு வகுப்பின் விடைகளை இன்னொரு வகுப்பு காப்பி அடிப்பதை அது தடுக்குமாம். படிவத்திலும் அப்படி ஒரு வரி இருந்ததே என்று தட்டிவிட்டாள். நேற்றைய பாட்டு அப்போது நினைவுக்கே வரவில்லை. பதற்றம் மனிதரை அந்தப் பாடு படுத்தும்.

தவமணி கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி திரையில் வந்தது. அவள் படித்து முடிப்பதற்குள் எல்லோரும் அமுக்கிவிட்டார்கள். மஞ்சள் இருபத்திரண்டு. நீலம் ஒன்று. சரியான விடை நீலத்தில் இருந்தது.

காலையில் தட்டிவிட்ட பொத்தான் அப்போதுதான் ஸ்ரீநிதிக்கு நினைவுக்கு வந்தது. "கேள்விய முழுசாப் படிச்சிட்டு அமுக்குங்க," என்றாள். பிள்ளைகளோ டீச்சர் சொல்லிக் கொடுத்ததை மறக்கிற பிள்ளைகள் இல்லை. இரண்டாவதுக்குப் பச்சையை அமுக்கினார்கள். மூன்றாவது கேள்வி, 'உணவுச் சங்கிலியில் உற்பத்தியாளர் எது?' என்பது. இருபத்திரண்டு பேரும் சிவப்பு. இன்று சிவப்பில் இருந்தது பாம்பு.

தவமணி எழுந்து முன்னால் வந்தார். ஒவ்வொரு முறையும் சரியாக அமுக்கிய ஒரே பெயர் திரையில் நின்றது.

"மீனாள் யாரு? நீ ஏம்மா நெல்லுன்னு போட்ட?"

"அதுதான் தன் சாப்பாட்டத் தானே செஞ்சிக்குது, டீச்சர். பாம்பு எதையாச்சும் புடிச்சித்தானே திங்கணும்."

"மத்தவங்க ஏன் பாம்புன்னு போட்டாங்க?"

"தெரியல டீச்சர். நேத்து எனக்குக் காய்ச்சல். ஸ்கூலுக்கு வரல."

கதவோரம் நின்றிருந்த தலைமையாசிரியர் ராம்நாத் தொண்டையைச் செருமினார். "லைன் பிரச்சினை லா, மேடம். நம்ம ஸ்கூல்ல வைஃபை எப்பவும் இப்படித்தான். டேப்லெட் மாத்தி மாத்திக் காட்டுது."

தவமணி ஸ்ரீநிதியைப் பார்த்தார். "அப்படியா, டீச்சர்?"

தலையை ஆட்டினால் போதும், வேறொரு நாளில் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார். நான்கு வருட உழைப்பு பிழைத்துவிடும். ஆட்டத்தான் போனாள். முன்வரிசையில் ஹைதர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். டீச்சர் சொன்னபடியே செய்தும் எங்கே தப்பு வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. ஸ்ரீநிதிக்கு வெட்கமாக இருந்தது. அதிகாரியின் முன்னால் வந்த வெட்கத்தைவிட இது பெரிய வெட்கம்.

"லைன் நல்லாத்தான் இருக்கு, மேடம். நேத்து நான்தான் எந்தக் கேள்விக்கு எந்தக் கலருன்னு சொல்லிக் குடுத்தேன். பிள்ளைங்க மேல தப்பு இல்ல."

ராம்நாத் ஜன்னல் பக்கம் திரும்பி, தூரத்தில் தெரிந்த கொம்தார் கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு," என்றார் தவமணி. "நடத்துங்க."

ஸ்ரீநிதி திரையை அணைத்தாள். நெல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று வெண்பலகையில் எழுதி, யார் யாரைத் தின்கிறார்கள் என்று கேட்டாள். பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். பாம்புக்குப் பசித்தால் நெல்லைத் தின்னாதா என்று ஒருவன் கேட்க, மீனாள் அவனோடு மல்லுக்கு நின்றாள். பிறகு புதிர்ப்போட்டியை மீண்டும் ஓட்டினாள். மூன்றாவது கேள்விக்கு இருபத்து மூன்று பேரில் பதினான்கு பேர் சரி.

மணி அடித்த பிறகு தவமணி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். நேற்றைய நான்காவது சுற்று தேதியோடு, நேரத்தோடு அங்கே பத்திரமாக இருந்தது. கருவி எதையும் மறக்கவில்லை.

"நேத்து முழு மதிப்பெண். இன்னிக்குப் பதினாலு. எத எழுதட்டும், டீச்சர்?"

"பதினால எழுதுங்க, மேடம்."

அவர் எழுதினார். "இது பத்தாதும்மா. நிரந்தரத்துக்கு இப்ப என்னால சிபாரிசு பண்ண முடியாது. ஒப்பந்தம் முடியறதுக்குள்ள இன்னொரு வாட்டி வருவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்."

அவரை வழியனுப்ப ராம்நாத் கூடவே போனார். ஸ்ரீநிதி அழாமல் இருக்க மேசையிலிருந்த டேப்லெட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஹைதர் மெல்ல எழுந்து வந்தான்.

"டீச்சர், அந்த மேடம் மறுபடியும் வருவாங்களா?"

"வருவாங்க."

"அப்ப மூணாவது கேள்விக்கு என்ன கலருன்னு இப்பவே சொல்லிடுங்க, டீச்சர். இந்த வாட்டி நான் தப்பு பண்ண மாட்டேன்."

எழுதிக்கொள்ள நோட்டும் பென்சிலும் கையோடு கொண்டு வந்திருந்தான்.