நெல்லிக்காய் பிடித்த குடை

புற்றுநோய்க் கட்டிக்கு நாலாவது மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிறவர்கள் சிறுநீரகங்களை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிரமுவுக்கு இந்த விதியில் குறை ஒன்றும் தெரியவில்லை. கோயிலில் செருப்பை விடுவதில்லையா? இரண்டையும் கழற்றி, முந்தானையால் துடைத்து, ஜன்னலில் வைத்தாள். டோக்கன் நாற்பத்தாறு.

துணைக்கு வந்த நாத்தனார் ஆவுடையும் இடுப்பில் கை வைத்தாள்.

"துணைக்கு வந்தவங்க விட வேண்டாம்," என்றார் ஜன்னல்காரர்.

ஆவுடை கையை எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சிறுநீரகங்கள் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. இடது வெளிறியிருந்தது. போன மூன்று மருந்திலும் கூடுதலாக அடி வாங்கியது அதுதான். சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஒன்று புள்ளி நாலில் நின்றது. ஒன்றரையைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். மருந்து நின்றால் கட்டி நிற்காது. பிரமுவுக்கு மருந்தும் வேண்டும், இந்த இரண்டும் வேண்டும். பேராசை என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்தது.

காலையிலிருந்தே அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. ஆறு தம்ளர் தண்ணீர் குடித்திருந்தாள். ஒவ்வொரு தம்ளருக்கும் தாழ்வாரம் பத்தடி நீண்டது. அதன் கோடியில் இருந்த டாக்டர் அறை இப்போது அரிசி அளவுக்குத் தெரிந்தது.

"காவலுக்கு யாரு?" என்று கேட்டார் ஜன்னல்காரர்.

"காவல் வேணுமா?"

"இன்னைக்கு ஏத்துற மருந்து பிளாட்டினம். வேலை முடிஞ்சு திரும்பிப் போறது இவங்க வழியாத்தான். ஆளில்லாம வச்சிட்டுப் போகக் கூடாது."

சிறுநீரகத்துக்கு நல்லது என்று பேர் வாங்கிய இரண்டு மூலிகைகள் வேலை கேட்டு நின்றன. முதலில் நெருஞ்சில். உட்காரச் சொன்னால் மறுத்துவிட்டது, நாற்காலி கிழிந்துவிடும் என்று. அதன் பின்னால் மூக்கிரட்டைக் கீரை, ஈரம் சொட்டச் சொட்ட.

"அனுபவம்?"

"ஆய்வுக்கூட எலிகள்ட்ட இருபத்தொரு நாள்," என்றது நெருஞ்சில். சான்றிதழை நீட்டியது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கால்தடங்கள்.

"மனுஷங்ககிட்ட?"

"யாரும் சரியாக் கூப்பிடல."

ஜன்னல்காரர் நோட்டைப் புரட்டினார். "உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஆள் இருக்காரே. பத்து நாளா வேலை பாக்காரு."

பிரமு ஆவுடையைப் பார்த்தாள். ஆவுடை தன் கூடையைப் பார்த்தாள். கூடைக்குள் ஊறுகாய் பாட்டில். அதன் மூடி தானே திறந்தது. உள்ளேயிருந்து ஒரு நெல்லிக்காய், விரித்த குடையோடு இறங்கினார்.

பத்து நாளைக்கு முன்னால், யாரோ சொன்னார்கள் என்று ஆவுடை நெல்லிக்காய்க் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அவள் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும். பிறகு அவளைத் தேற்றவும் வேண்டும். குடித்துவிடுவது சுலபம். நோய் வந்த நாளிலிருந்து பிரமு இப்படி நிறைய விழுங்கியிருந்தாள். டாக்டர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நெல்லிக்காயின் வேலையில் குறை சொல்ல முடியாது. இடதுக்குக் குடை பிடித்தார். வலதுக்குப் பிடித்தார். பிறகு பெஞ்சின் கடைசிக்குப் போய் அங்கேயும் பிடித்தார். அங்கே கட்டி உட்கார்ந்திருந்தது, டோக்கன்கூட வாங்காமல், கால் மேல் கால் போட்டுக்கொண்டு.

"அதுக்கு ஏன் பிடிக்கிய?" என்றாள் பிரமு.

"குடை பிடிக்கச் சொன்னாவ. யாருக்குன்னு சொல்லலியே தாயி."

"தங்கமான மனுசன்," என்றது கட்டி.

பிரமுவின் சிரிப்பு நின்றது. "டாக்டர்ட்ட சொல்லணும்."

"ஏசுவாவளே மதினி," என்றாள் ஆவுடை.

"ஏசட்டும்."

நடந்தாள். டாக்டர் அறை அரிசியாகவே இருந்தது. நின்று, தாழ்வாரத்தைப் பார்த்தே சொன்னாள்: "பத்து நாள் கஷாயம் குடிச்சேன்." தாழ்வாரம் சுருங்கியது. "ரெண்டு வேளை." இன்னும் சுருங்கியது. "ஞாயித்துக்கெழம மூணு வேளை." டாக்டரின் மேஜை வந்து அவள் முழங்காலில் இடித்தது.

டாக்டர் ஞானசெல்வி ஏசவில்லை. கூடவே வந்த நெல்லிக்காய் நீட்டிய சான்றிதழை வாங்கிப் பார்த்தார். அதிலும் எலிக் கால்தடங்கள்தான்.

"எலி நல்லாயிருக்கா?"

"நல்லாயிருக்காம்."

"நீங்க எலியா?"

பிரமு யோசித்தாள். தனக்கு முன்னால் இந்த வழியாகப் போன அத்தனை எலிகளையும் நினைத்தாள். அவற்றுக்கு நாத்தனார்கள் இருந்திருப்பார்களா? "இல்லன்னுதான் நினைக்கேன்," என்றாள்.

"எழுதிக் குடுங்க."

அதற்குப் படிவம் இருந்தது. இரண்டு பிரதி. சாட்சி என்ற இடத்தில் ஆவுடை எழுதினாள்: எனக்குத் தெரிந்து இருபத்தாறு வருஷமாக இவர் எலி அல்ல.

"எலிக்குச் சரி," என்றார் டாக்டர். "உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஆளை இன்னைக்கு நடுவுல விட மாட்டேன். குடையை மடக்கச் சொல்லுங்க. தண்ணி குடிங்க."

நெல்லிக்காய் குடையை மடக்கினார். வருத்தமே இல்லை அவருக்கு. "பொறவு ஊறுகாய்க்குக் கூப்பிடுவியளா?"

"கூப்பிடுதேன்."

ஆவுடை காலி பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் என்ன செய்ய, மதினி?"

அவள் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதை மட்டும்தான் என்று பிரமுவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"ரெண்டையும் மடியில வச்சுக்கோ."

ஆவுடை பெஞ்சில் சம்மணம் போட்டாள். இடதை இடது தொடையிலும் வலதை வலது தொடையிலும் வைத்து, முந்தானையால் விசிறினாள்.

பிளாட்டினம் வெள்ளை வேட்டியில் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். "மன்னிக்கணும்," என்றார், "எனக்கு ஆள் அடையாளம் சரியா வராது." பிரமு உள்ளே போனாள். கட்டியும் கூட வந்தாக வேண்டும், அது விதி. வாசலைத் தாண்டும்போது அது தலைக்கு மேலே பார்த்தது. வெறும் கூரைதான் இருந்தது.

நாலு மணி நேரம் கழித்து அவள் டோக்கனை நீட்டினாள். ஜன்னல்காரர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"மூணு இருக்கு."

"ரெண்டுதான வச்சேன்."

"கூட்டத்துல கலந்திருக்கும். செருப்புலயும் நடக்கதுதான்."

மூன்றாவதில் தாழம்பூ எண்ணெய் வாசம் வந்தது. ஆவுடையின் தலையிலும் அதே வாசம்தான். ஆவுடை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் சேலையை இறுக்கிச் செருகியிருந்தாள்.

"ஆவுடை."

"சும்மாத்தான் கெடந்துச்சு, மதினி."

பிரமு மூன்றையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். கனமாக இருந்தது. சிரிப்பு திரும்பி வந்தது.

"இதையும் டாக்டர்ட்ட சொல்லணும்."

"ஏசுவாவ."

"ஏசட்டும்," என்றாள் பிரமு. தாழ்வாரம் சுருங்கத் தொடங்கியது.