அறுத்த கொக்கி

காரின் முன்மூடியான பானெட் மேலே எழுந்தபோது அவள் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு நடுக்கம். அடுத்த கணம் முன்னால் சாலை இல்லை, கறுப்பு மட்டும். கண்ணாடி நொறுங்கி உள்ளே கொட்டியது. பக்கத்து சீட்டில் அம்மா அலறினாள். அவள் அலறவில்லை. பக்க ஜன்னல் வழியாகச் சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினாள். பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்தியபடி உரசாமல் போனது. போகும்போது டிரைவர் ஏதோ திட்டினான். திட்டட்டும் என்று இருந்தது.

மருத்துவமனையில் அம்மாவின் நெற்றியில் தையல் போட்டார்கள். தலைமுடியிலிருந்து கண்ணாடித் துணுக்குகளை நர்ஸ் சீப்பால் வாரி எடுத்தாள்.

தம்பி வந்தான். கதவருகே நின்று அம்மாவைப் பார்த்தான். பிறகு வெளியே வந்து அவளிடம் கேட்டான்.

"பானெட் என்னாச்சுக்கா?"

"அம்மா உள்ள இருக்காங்க."

"பாத்தேன். நல்லாத்தான் இருக்காங்க. பானெட் உடைஞ்சுதா, இல்ல கீறல் மட்டுமா?"

"பறந்துடுச்சு. ரோட்டோரமா எங்கயாவது கிடக்கும். போய்ப் பொறுக்கிக்கோ."

அவன் தலையில் கை வைத்தான். "நீ சரியா மூடியிருக்க மாட்ட."

அவள் கார் பழையது. நீல நிறம். அவள் பிசியோதெரபிஸ்ட். நடக்க முடியாதவர்களின் வீடு வீடாகப் போய்க் கை, கால்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். அந்தக் கார் இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை. தம்பி கார் பாடி ஷெட் வைத்திருக்கிறான். பழைய கார்களை மினுக்குவது அவன் தொழில். ஷெட்டில் அவனுக்குப் பெயரே 'பாலிஷ்'தான். இரும்புக்குப் பதிலாகக் கார்பன் இழையில் நெய்த, கனமில்லாத கார்பன் ஃபைபர் பானெட் மாட்டும் வேலையைப் புதிதாகப் பிடித்திருந்தான். வீடியோ எடுத்துப் போட ஒரு கார் வேண்டும். அக்காவின் கார் இருந்தது.

"எனக்கு எதுக்குடா அது? நான் பேஷன்ட் வீட்டுக்குப் போறவ. ரேசுக்கா போறேன்?"

"உன் பானெட்டு ஓரமெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்குது. பாக்கவே அசிங்கமா இருக்கு."

"பாக்காத."

அம்மா குறுக்கே வந்தாள். "ஆசையா கேக்குறான். குடேன். என்ன குறைஞ்சுடப் போற?"

கொடுத்தாள்.

பானெட் நேராக உட்காரவில்லை. கம்பெனிக்காரன் செய்த சாமான் இல்லை, யாரோ எங்கோ அச்சில் வார்த்தது. ஒரு பக்கம் இடைவெளி, ஒரு பக்கம் முட்டல். கீல்களைத் தளர்த்தி, வாஷர் வைத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, அவனும் ஷெட் பெயின்டரும் ஒருவழியாக உட்கார வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கறுப்பு நெசவின்மேல் கண்ணாடி மாதிரிப் பூச்சு. குனிந்தால் முகம் தெரியும்.

"இரும்பு பானெட் மாதிரி மேல இருந்து விட்டுடாத," என்று சொல்லித் தந்தான். "அது கனம், தானா விழுந்து பூட்டிக்கும். இது பஞ்சு. கீழ இறக்கி, ரெண்டு உள்ளங்கையாலயும் அழுத்தணும். டக்குனு சத்தம் கேக்கணும்."

"மத்தவங்க பானெட் முனையில ரெண்டு கம்பிப் பின் சொருகிப் பூட்டியிருக்காங்களே. உனக்கு அது வேண்டாமா?"

"அதுக்கு ஓட்டை போடணும். இதுல போய் ஓட்டை போடச் சொல்றியே, மனசாட்சி இருக்கா உனக்கு?"

விபத்து நடந்த காலையில் வீட்டு வாசலுக்கு வந்து வீடியோ எடுத்தான். பானெட்டைத் திறந்தான், படம் பிடித்தான், மூடினான். மூடும்போது மஞ்சள் துணியை வைத்து, இரண்டு விரல் நுனியால் மெதுவாகத் தள்ளினான். உள்ளங்கை பட்டால் பூச்சில் ரேகை விழும். அவள் வாசலில் நின்று பார்த்தாள். அம்மா முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"காலையில மூடினது நீதான்," என்றாள் மருத்துவமனை வராந்தாவில்.

"நான் வீடியோ எடுத்துட்டுப் போனப்புறம் நீ தொறந்திருப்ப."

"நான் எதுக்குத் தொறக்கப் போறேன்?"

"தண்ணி கிண்ணி ஊத்த."

அவள் உள்ளே போனாள். "அம்மா, காலையில பானெட்டை யாரு மூடினா?"

அம்மா டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தாள். "எனக்கென்ன தெரியும்? நான் ஃபோனைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

அம்மாவுக்கு ஃபோனில் பேச மட்டும்தான் தெரியும். பார்க்கத் தெரியாது.

சில நாளில் காருக்கு முன்கண்ணாடி மாற்றினாள்; பழைய கார் சாமான் கடையில் அதே மாடலின் இரும்பு பானெட் கிடைத்தது. வெள்ளை நிறம். நீலக் காருக்கு வெள்ளை பானெட். பரவாயில்லை என்றாள். கடைக்காரர் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"கொக்கியை எதுக்குங்க அறுத்தீங்க?"

"எந்தக் கொக்கி?"

அவர் காட்டினார். ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் சட்டத்தில் பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி இருக்கும். பூட்டு நழுவினால் பானெட்டை ஒரு விரல் உயரத்தில் பிடித்து நிறுத்துவது அதுதான். இப்போது அங்கே ஒரு மொட்டைக் கட்டை நின்றது. அவள் விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது. அரத்தால் ராவி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தான் தம்பி.

பூட்டு நழுவியதற்கு அவனுடைய மஞ்சள் துணி காரணம். பானெட் எழுந்து கண்ணாடியில் அறைந்ததற்கு இது காரணம். அறுத்ததைக்கூட அவசரம் என்று விடலாம். பெயின்ட் அடிக்க அவசரம் வேண்டியதில்லை. பிரஷ்ஷை எடுத்து, குனிந்து, அறுத்த இடம் தெரியாதபடி பொறுமையாக அடித்திருக்கிறான்.

அங்கே இன்னொரு கொக்கியும் வாங்கி மாட்டச் சொன்னாள். முடிந்ததும் பானெட்டை ஒரு கை உயரத்திலிருந்து விட்டாள். தானாக விழுந்து பூட்டிக்கொண்டது. நேரே ஷெட்டுக்கு ஓட்டினாள்.

ஷெட் வாசலில் ஒரு சிவப்புக் கார் நின்றது. அதுவும் பழசு. பளபளவென்று கறுப்பு பானெட். அம்மா நெற்றிக் கட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் கேரியர். மகனுக்குச் சாப்பாடு. பெயின்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி வெள்ளை பானெட்டைப் பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, நீலச் சட்டைக்கு வெள்ளை ஒட்டு போட்டுட்டு வந்திருக்க? இந்தக் காரை என் ஷெட்டு வாசல்ல நிறுத்தாத. எவனும் உள்ள வர மாட்டான்."

அவள் இறங்கி நடந்தாள். சிவப்புக் காரின் கதவைத் திறந்து லீவரை இழுத்தாள். பானெட்டைத் தூக்கினாள். அங்கேயும் மொட்டைக் கட்டை. அங்கேயும் கறுப்புப் பெயின்ட்.

"இதுலயும் அறுத்திருக்க."

சிரிப்பு நின்றது. "சத்தம் போடாத."

"இதுலயும் அறுத்திருக்கடா! அம்மா மண்டை உடைஞ்சப்புறமும்!"

"கொக்கி உள்பக்கம் முட்டுதுக்கா. அதை வெச்சு மாட்டினா முன்பக்கம் விரல் கனத்துக்குத் தூக்கிட்டு நிக்குது. அப்படிக் குடுத்தா எவன் எடுத்துட்டுப் போவான்?"

"அப்ப பின் போடு."

"பின் போட்டா லுக்கே போச்சு."

"லுக்கா? அதோ உக்காந்திருக்காங்களே அம்மா, அந்த நெத்தியைப் பாரு. அது நல்லா இருக்கா லுக்கு?"

பெயின்டர் மாஸ்க்குக்குள்ளிருந்து, "பாலிஷு, அக்கா சொல்றதும்..." என்று ஆரம்பித்தான்.

"நீ தேய்."

அவன் தேய்த்தான்.

"ஏன் கத்துற?" என்றாள் அம்மா. "அவனே நொந்து போயிருக்கான். பானெட்டும் போச்சு, பேரும் போச்சுன்னு."

"உங்களுக்குக் கண்ணு போயிருக்கும், அம்மா."

"போகல இல்ல?"

அப்போது சிவப்புக் காரின் சொந்தக்காரர் வந்தார். தாடி வைத்தவர். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். திறந்திருந்த பானெட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, தொடாமலே தடவுவதுபோல் கையை அதன் மேலே ஓட்டினார். தம்பியின் முதுகில் தட்டினார்.

"கலக்கிட்டீங்க. ஊருக்குக் கிளம்பறோம். புள்ளைங்க வீட்டுல குதிச்சுக்கிட்டு இருக்குதுங்க."

பின்கதவைத் திறந்து ஒரு பையை உள்ளே போட்டார். பின்சீட்டில் குழந்தைகளுக்கான இரண்டு சின்ன இருக்கைகள் கட்டியிருந்தன. ஒன்றில் துணி யானை ஒன்று தலைகீழாகக் கிடந்தது. அவர் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

திரும்பியவர் அம்மாவைப் பார்த்தார். "நெத்தியில என்னம்மா?"

தம்பி அம்மாவைப் பார்த்தான்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் தம்பி," என்றாள் அம்மா.

தையல் போட்ட இடம் இன்னும் வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தின் கீழே வாய் அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னது.

"சார், இங்க வாங்க," என்றாள் அவள்.

"அக்கா, வேண்டாம்." தம்பியின் குரல் தாழ்ந்துவிட்டது. "என் பொழப்புக்கா."

"சார், உங்க விரலைக் குடுங்க. இந்தக் கட்டையைத் தொட்டுப் பாருங்க."

அவர் புரியாமல் தொட்டார். "வழவழன்னு இருக்கு."

"இங்க ஒரு கொக்கி இருந்தது. பூட்டு நழுவினா அதுதான் பானெட்டைப் பிடிக்கும். அதை அறுத்து, ராவி, பெயின்ட் அடிச்சிருக்கான். என் கார்லயும் இதேதான் பண்ணான். ஹைவேயில பானெட் எழுந்து கண்ணாடி உள்ள வந்துச்சு. எங்கம்மா வழுக்கி விழல, சார். என் பக்கத்து சீட்டுல இருந்தாங்க."

"சார், இவங்க சரியா மூடல சார்," என்றான் தம்பி. "இது பஞ்சு மாதிரி. எப்படி மூடணும்னு சொல்லித்தான் குடுத்தேன். மூடத் தெரியாம..."

"துணியை வெச்சு மூடினான்," என்றாள் அம்மா.

யாருக்கும் உடனே புரியவில்லை. அம்மா யாரையும் பார்க்கவில்லை. திறந்திருந்த பின்கதவு வழியே துணி யானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சத் துணி. ரெண்டு விரலால தள்ளினான். டக்குனு சத்தம் வரல. நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

"அம்மா!"

"சாப்பாடு ஆறுது," என்று சொல்லிவிட்டு, அம்மா கேரியரைத் தரையில் வைத்தாள்.

தாடிக்காரரின் முகத்தில் சிரிப்பு இருந்த இடமே தெரியவில்லை. "பின் போடுங்க," என்றார். "இப்பவே. நான் நிக்கிறேன்."

"சார், ஓட்டை போட்டா பீஸே வீணாயிடும். நாளைக்கு வாங்க, கொக்கிக்கு வேற வழி..."

"இப்பவே."

"நான் இதுல ஓட்டை போட மாட்டேன்." சொல்லிவிட்டுத் தம்பி கையைக் கட்டிக்கொண்டான்.

"நீ போட வேண்டாம்," என்றாள் அவள்.

பெயின்டர் மாஸ்க்கைக் கழற்றினான். அலமாரியிலிருந்து பின் செட்டையும் டிரில்லையும் எடுத்து அவளிடம் கொடுத்தான். எங்கே போடவேண்டும் என்று பானெட்டின் முன்முனையில் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினான். தம்பி அவனை முறைத்தான். அவன் முறைப்பை வாங்கிக்கொண்டு மறுபடி தேய்க்கப் போய்விட்டான்.

பானெட்டை இறக்கி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். டக். டிரில் முனையைப் பூச்சின்மேல் வைத்தாள். முனை வழுக்கியது. ஒரு கீறல் விழுந்தது. மறுபடி வைத்தாள்.

"டேப்!" தம்பி கத்தினான். "டேப் ஒட்டாம வெச்சா சில்லு சில்லாப் பெயர்ந்துடும்! எட்டப் போ! எட்டப் போன்னு சொல்றேன்!"

டிரில்லைப் பிடுங்கினான். டேப்பைக் கிழித்து ஒட்டினான். ஓரத்திலிருந்து அளந்தான், மறுபக்கம் அளந்தான், புள்ளி வைத்தான். அவ்வளவு கோபத்திலும் இரண்டு தரம் சரிபார்த்தான்.

டிரில் அலறியது. கறுப்புத் தூள் சுருண்டு அவன் செருப்பின்மேல் விழுந்தது. கொக்கியை அறுத்தவன் போலவே அவன் இப்போது இல்லை. தன்னையே துளைத்துக்கொள்பவன் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

முதல் ஓட்டை விழுந்ததும் நிறுத்தினான். அவளைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"இன்னையிலிருந்து நீ எனக்கு அக்கா இல்ல."

"சரி," என்றாள் அவள். "இன்னொண்ணு பாக்கி இருக்கு. நேராப் பிடிச்சுப் போடு."