கிடங்கு முற்றத்தில் மறையாத வெயில்

2023 டிசம்பர் பதினாறாம் தேதி சனிக்கிழமை, கொச்சியின் மட்டாஞ்சேரி முழுவதும் மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குச் சூரியன் மறைந்தது. கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கின் முற்றத்தில் மட்டும் மறையவில்லை. எட்டு மணி வரை அங்கே நல்ல வெயில் அடித்தது. அப்போது அந்த முற்றத்தில் தெருவின் இளையோர் விழா நடந்துகொண்டிருந்தது.

முந்தைய வருட விழா முடிந்து, விளக்கில்லாத சந்து வழியாக வீடு திரும்பிய அதே தெருப் பெண் ஹிஸானாவின் கையை ஒருவன் பிடித்து இழுத்தான். அவன் குடியிருப்போர் சங்கத் தலைவர் கமாலுதீனின் தம்பி ஷமீல் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹிஸானாவைத்தான் பாலக்காட்டுக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுடைய சிநேகிதி ஃபிதா, தையல்காரி சஃபியாவின் மகள், பதினேழு வயது. அடுத்த விழாவை எப்படிப் பத்திரமாக நடத்துவது என்று அவள் ஒரு திட்டம் எழுதினாள். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் எழுத வராததால் மலையாளத்தில் எழுதினாள். சந்தில் ஆறு விளக்குகள், வாசலில் இரண்டு தாய்மார்கள், பெண்பிள்ளைகளை வீடு வரை கொண்டுவிட ஆட்கள். ஷமீல் உள்ளே வரக் கூடாது. அதை வைத்துச் சங்கம் சாயா குடித்தபடி ஒன்பது கூட்டம் போட்டது. விளக்கை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். ஷமீலுக்கு மஞ்சள் அட்டை மாட்டி, பாதுகாப்புத் தொண்டனாக வாசலில் நிறுத்தினார்கள். விதி என்று எழுதியது ஒன்றுதான்: இருட்டுவதற்குள் பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"அப்போ அவனுக்கு விதி கிடையாதா, கமாலிக்கா?" என்று ஃபிதா கேட்டாள்.

"நீ படிக்கிற குட்டி. இதெல்லாம் பேசப்படாது மோளே," என்றார் அவர்.

விழாவன்று ஆறு மணி தாண்டியும் வெயில் இறங்காததைப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு கயிறு இழுக்கும் போட்டியைத் தொடர்ந்தார்கள். வெளியே சந்தில் இருட்டிவிட்டது. அப்பாக்கள் செல்போன் வெளிச்சத்தோடு வந்து நின்றார்கள். ஏழரை வரை யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இங்கே இன்னும் இருட்டலையே," என்றாள் ஃபிதா, வெயிலில் நின்றுகொண்டு.

கமாலுதீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெயிலு அடிச்சா என்ன? மணி எட்டாகப் போகுது. கூட்டிட்டுப் போங்க."

ஒவ்வொருவராகக் கூட்டிப் போனார்கள். கடைசியாக சஃபியா வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீயுமாம்மா?"

சஃபியா பிடியை விடாமல் வாசலை நோக்கி நடந்தாள். ஃபிதா வாசலைத் தாண்டியதும் முற்றத்தில் வெயில் அணைந்தது. சந்தில் அவர்களுக்கு முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு ஷமீல் நடந்தான்.

அடுத்த கூட்டத்தில் 'இருட்டுவதற்குள்' என்பதை அடித்துவிட்டு 'ஐந்து மணிக்குள்' என்று எழுதினார்கள். அதற்கடுத்த வருடம் பெண்பிள்ளைகள் யாரும் பெயர் கொடுக்கவில்லை, விழா நின்றுபோனது. வெயில் நிற்கவில்லை. ஒவ்வொரு டிசம்பர் பதினாறிலும் எட்டு மணி வரை முற்றத்தில் அடிக்கிறது. முதலில் சிலர் படம் எடுத்தார்கள். கிடங்குக்காரர் இப்போது அன்றைக்கென்று ஈர இஞ்சியை இறக்கிவைக்கிறார். இரண்டு மணி நேரம் கூடுதலாகக் காய்கிறது.

ஃபிதா எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பஸ் இறங்கி, அதே சந்து வழியாகத் தனியாக நடந்து வருகிறாள். போன டிசம்பரில் ஏழரை மணிக்கு அவள் முற்றத்துக்குள் காலை வைத்தபோது, இஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த அழகர், மதுரைப் பக்கத்துக்காரர், நிமிராமலே சொன்னார்:

"ஓரமாப் போம்மா, மிதிச்சிராத."

அவள் ஓரமாகப் போனாள்.