விருந்தாளித் தட்டு

ஞானசிகாமணியின் பெயர் அவருடைய சாப்பாட்டுத் தட்டிலிருந்து முழுசாகத் தேய்ந்துபோன அன்று, மத்தியானம் சாப்பிட வந்து உட்கார்ந்தவரை அவர் மனைவி தமயந்தி "வாங்க, வாங்க" என்று கைகூப்பி வரவேற்றாள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்கும் இப்படித்தான் ஆனது. தட்டில் பெயர் போனால் ஆள் அந்த வீட்டுக்கு விருந்தாளி. அப்பீல் எல்லாம் கிடையாது.

தட்டு என்னவோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. எவர்சில்வர் தட்டுக்குச் சாவு கிடையாது. கல்யாணத்துக்கு வாங்கியது. மொட்டை மாடியிலிருந்து விழுந்திருக்கிறது. குழம்புச் சட்டிக்கு மூடியாக உழைத்திருக்கிறது. கரண்ட் போன கோடையில் விசிறியாக இருந்திருக்கிறது. ஒருமுறை அதைக் கவிழ்த்து ஓர் எலியைச் சிறைபிடித்தார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓரத்தில் ஒரு சின்ன நெளிசல், அவ்வளவுதான். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயரால்தான் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

முதலில் இனிஷியல் போயிற்று. அப்போதே ஊரிலிருந்து அவருடைய அப்பா போனில் "யாருங்க பேசுறது?" என்று கேட்க ஆரம்பித்தார். ஞானசிகாமணி அதைக் காது மந்தம் என்று எடுத்துக்கொண்டார். எதையும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதில் அவருக்குப் பிறவியிலேயே ஒரு தேர்ச்சி உண்டு.

"கையக் கழுவிட்டு வாங்க" என்றாள் தமயந்தி. "புது சோப்பு வச்சிருக்கேன்."

அவர் திரும்பி வந்தபோது ஷோகேஸ் திறந்திருந்தது. அதற்குள் இருந்த பீங்கான் தட்டுகளில் ஒன்று மேஜைக்கு வந்திருந்தது. வெள்ளைத் தட்டு, ஓரம் முழுக்க நீலப்பூ. பினாங்கிலிருந்து தமயந்தியின் மாமா கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த செட். மிகப் பெரிய விருந்தாளிகளுக்கு மட்டும்தான் வெளியே வரும். இத்தனை வருஷமும் ஞானசிகாமணி அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்திருக்கிறார், மிருகக்காட்சி சாலையில் புலியைப் பார்ப்பதுபோல.

இப்போது புலியின் மேல் சோறு விழுந்தது. சாம்பாரில் முருங்கைக்காய் சதையுள்ள பக்கமாகப் பார்த்து வந்தது. வடை வந்தது. பாயசம் வந்தது.

"போதும்" என்றார்.

"என்னங்க, கோழி கொறிக்கிற மாதிரி சாப்பிடுறீங்க. இன்னும் ஒரு கரண்டி."

கல்யாணமானதிலிருந்து அவருக்கு இன்னொரு கரண்டி வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர் போனதும் ஒரு நல்லதுக்குத்தான் என்று நினைத்தார்.

மகள் பிரதீபா கல்லூரியிலிருந்து வந்தாள். அவரைப் பார்த்ததும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

"அங்கிள், உங்களுக்கு எந்த ஊரு?"

"இந்த ஊருதாம்மா."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

பிரதீபா மரியாதையாக டிவி ரிமோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அந்த ரிமோட் அவர் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதை எப்படிப் பிடிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு செய்தி பார்த்தார்.

ராத்திரி அவருக்கு ஹாலில் புது விரிப்பு போட்டார்கள். அம்மாவும் மகளும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அவர் இருமினால் பேச்சு நின்றது. குடும்பத்தில் ஒருவராக இருந்தபோது அவர் இருமினால் "அந்த ஃபேனை நிறுத்துங்கன்னா கேக்குறாரா" என்று சத்தம் வரும். இப்போது வெந்நீர் வந்தது.

மறுநாள் காலையில் காபியை சோபாவில் கொட்டிவிட்டார். பழைய நாளாக இருந்தால் அந்தக் கறைக்கான திட்டுக்கும் அவரோடு சேர்ந்து வயசாகியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"பரவாயில்லைங்க" என்றாள் தமயந்தி, சிரித்த முகமாக. "சோபாதானே."

அந்தச் சிரிப்பு எல்.ஐ.சி. ஏஜெண்டுக்கும், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கும் அவள் வைத்திருந்த சிரிப்பு.

"அப்புறம்…" என்றாள் அவள், காலி டம்ளரை எடுத்துக்கொண்டே. "உங்களுக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விருந்தாளிக்கு எல்லாம் கிடைக்கும். இருக்க மட்டும் இடம் கிடையாது.

எவர்சில்வர் தட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாத்திரக்கடைத் தெருவுக்கு ஓடினார். பெயரைத் திரும்ப வெட்டிவிட்டால் தீர்ந்தது. சாயங்காலத்துக்குள் தமயந்தி பழையபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பாள். அந்த முகத்தை நினைக்கும்போதே அவருக்குத் தெம்பாக இருந்தது.

கடைக்குள் நுழைந்தால் டம்ளர்கள். டம்ளர்களைத் தாண்டினால் சம்படங்கள். சம்படங்களைத் தாண்டினால் குடங்கள், குடங்களுக்கு அப்பால் அண்டாக்கள். நடக்க நடக்கக் கடை நீண்டது. பாத்திரங்கள் பெரிசாகிக்கொண்டே போயின. அவர் சின்னதாகிக்கொண்டே போனார். கடைசியில் கோயில் அன்னதானத்துக்கான ஓர் அண்டாவுக்குள் பெயர் வெட்டுகிற மச்சக்காளை உட்கார்ந்து, காலை நீட்டிப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பேரு வெட்டணும்" என்றார் ஞானசிகாமணி.

மச்சக்காளை தட்டை வாங்கிச் சுண்டினான். தட்டு கோயில் மணி மாதிரி 'டங்ங்' என்றது. பிறகு எட்டி ஞானசிகாமணியின் நெற்றியைச் சுண்டினான். 'டொக்' என்றது.

"தட்டு நல்லாருக்கு. உங்க சத்தந்தான் சரியில்லையே."

"நான் பாத்திரம் இல்லப்பா."

"அதத்தானே நானும் சொல்றேன்." அவன் சட்டினியை நக்கினான். "ஆமா, யாரு தேய்ச்சது இத?"

இந்தக் கேள்விக்கு ஞானசிகாமணி நிமிர்ந்தார். இந்த விஷயத்தில் அவருக்குப் பெருமை உண்டு.

"நானேதான். கல்யாணமான நாள்லேர்ந்து என் தட்டை நான்தான் கழுவுறேன். கம்பி நாரு போட்டு, அழுத்தி, முகம் தெரியிற மாதிரி. ஆபீஸ்ல பொம்பளைங்க எல்லாம் என்னைத்தான் உதாரணம் சொல்லுவாங்க."

"மத்த பாத்திரம்?"

"அது அவ தேய்ப்பா."

"சட்டி, குக்கரு, தோசைக்கல்லு?"

"அதான் சொன்னேனே, அவ."

மச்சக்காளை அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "அந்தம்மா பேரு எப்பிடி இருக்கு?"

நினைத்துப் பார்த்தார். தமயந்தியின் பெயர் அவளுடைய தட்டில் நேற்று வெட்டியதுபோல இருந்தது. சட்டியையும் குக்கரையும் தேய்த்து முடித்துத் தன் தட்டுக்கு வரும்போது அவள் கையில் தேய்க்கத் தெம்பு இருந்ததில்லை. தண்ணீரில் காட்டி எடுத்துக் கவிழ்த்துவிடுவாள்.

"உங்கள நீங்களே தேய்ச்சுக்கிட்டீங்க" என்றான் மச்சக்காளை. "இதுல திரும்ப வெட்ட முடியாது. ஊசி நிக்காம வழுக்கும். வேணும்னா பேரு போட்டு வாங்காமப் போன தட்டு ஒண்ணு கெடக்கு. 'சிவபாக்கியம், தேனி'. எடுத்துக்கிறீங்களா? நேரா போயி அந்த வீட்டுல உக்காந்துரலாம். நல்ல குடும்பம். கறவை மாடெல்லாம் இருக்கு."

"சிவபாக்கியமாவா?"

"தட்டுல அப்பிடித்தானே போட்டுருக்கு."

ஞானசிகாமணி ஒரு கணம் யோசிக்கத்தான் செய்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. பாலும் தயிருமாக ஒரு வாழ்க்கை. ஆனால் தேனியில் தமயந்தி இல்லை. "வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டு, வந்த வழியில் திரும்பினார். குடங்கள், சம்படங்கள், டம்ளர்கள் என்று தாண்டி வெளியே வந்தபோது அவர் பழைய உயரத்துக்கு வந்திருந்தார். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வீட்டு வாசலில் ஒரு மஞ்சப்பை தயாராக இருந்தது. உள்ளே அவருடைய வேட்டி சட்டை, மேலே வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய்.

"கெளம்புறீங்களா?" என்றாள் தமயந்தி. "அடிக்கடி வந்து போங்க."

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு…"

"ஐயோ, அது இல்லாமலா? உக்காருங்க."

நீலப்பூத் தட்டு வந்தது. ஞானசிகாமணி சோற்றைப் பிசைந்தார். அப்போது அடுப்படியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த பிரதீபா டம்ளரை நழுவவிட்டாள். அது கிணுகிணுவென்று உருண்டு சோபாவுக்கடியில் போய்ச் சேர்ந்தது.

"கையில என்னடி வெண்ணெயா தடவியிருக்கு?" தமயந்தி பாய்ந்தாள். "எருமை மாடு மாதிரி வளந்தா மட்டும் போதுமா? ஒரு டம்ளர் பிடிக்கத் துப்பில்ல, நீயெல்லாம் நாளைக்கு ஸ்கூட்டி கேக்குற!"

என்ன ஒரு திட்டு. ஞானசிகாமணி வாயில் வைத்த கவளத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்து அவருக்குப் பொறாமையாக இருந்தது. பெற்ற மகள் என்றும் பார்க்காமல் பொறாமைப்பட்டார்.

சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொண்டார். பீங்கான் தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். கையை விட்டார்.

தட்டு உடையவில்லை. தரை உடைந்தது.

மொசைக் விரிந்து, ஓர் ஆள் இறங்கக்கூடிய ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குக் கீழே கீழ்வீட்டு அருமைநாயகம் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தன் ரசத்திலிருந்து ஒரு சிமெண்ட் சில்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மேலே பார்த்தார்.

"யாரு, விருந்தாளியா?"

"ஆமாங்க" என்றாள் தமயந்தி.

"நல்லா கவனிங்க" என்று சொல்லி, ஓட்டை வழியாக விழுந்திருந்த பீங்கான் தட்டைத் துடைத்து அவர் மேலே நீட்டினார். பிறகு மோருக்குப் போனார்.

தமயந்தி ஞானசிகாமணியைப் பார்த்துப் புன்னகைத்தாள். "பரவாயில்லைங்க. பழைய தரைதான்."

அவர் மறுபடியும் போட்டார், இம்முறை பலமாக. தட்டு எகிறிச் சுவரில் பட்டது. சுவர் ஒரு பெருமூச்சு விட்டுத் தெருவுக்குள் சாய்ந்தது. ஹாலுக்குள் வெயிலும், போய்க்கொண்டிருந்த ஒரு மினி பஸ்ஸின் பாட்டும் வந்தன. கண்டக்டர் எட்டிப் பார்த்து "சார் வர்றீங்களா?" என்றான்.

"இப்ப வந்துருவாரு" என்றாள் தமயந்தி. பிறகு அவர் பக்கம் திரும்பி, "பரவாயில்லைங்க, காத்து வரும்" என்றாள். உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்தது.

மினி பஸ் நின்றது. பிரதீபா மஞ்சப்பையைக் கொண்டுவந்து அவர் தோளில் மாட்டினாள். தட்டைக் கடைசியாக ஒருமுறை நெஞ்சோடு அணைத்தார். பினாங்கிலிருந்து கப்பலில் வந்த தட்டு. அவரைவிட உறுதியான தட்டு. கண்ணை மூடிக்கொண்டு அதை ஷோகேஸின் மேல் வீசினார்.

ஷோகேஸ் நொறுங்கிக் கீழ்வீட்டுக்குள் கொட்டியது. கூரையில் பாதி காணாமல் போனது. தட்டு சுழன்று சுழன்று வந்து தமயந்தியின் காலடியில் நின்றது.

அவள் குனிந்து எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில், ஒரு நீலப்பூ இருந்த இடத்தில், நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது.

மினி பஸ்ஸில் பாட்டை நிறுத்தினார்கள்.

"பர…" என்று ஆரம்பித்தாள் தமயந்தி. "பரவா…" அந்த வார்த்தை அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. அவள் முகம் சிவந்தது. மூக்கு விடைத்தது. ஞானசிகாமணி கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட அவர் இப்படி நின்றதில்லை.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உங்களுக்கு?" வெடித்தாள். "மனுஷனா நீங்க? எங்க மாமா கடல்ல வாந்தி எடுத்துக்கிட்டே மடியில வச்சுக் கொண்டாந்தாரு. ஒரு கீறல் விழுந்துச்சா? இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல்? உங்க வீட்டு ஆளுங்களும் வந்தாங்களே சீரு செய்ய! உங்க அக்கா குடுத்தாங்களே ஒரு குத்துவிளக்கு, ரெண்டே மாசத்துல கறுத்துப்போயி, ஏத்துறதுக்கே பயமா இருக்கு!"

திட்டில் அக்கா வந்துவிட்டாள். ஞானசிகாமணியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இனிப் பயமில்லை.

"எங்க அக்காவைச் சொல்லாத" என்றார் தழுதழுத்து.

"சொல்லுவேன்! உங்க அம்மாவையும் சொல்லுவேன்!"

"சொல்லு" என்றார். "நல்லா சொல்லு."

கண்டக்டர் விசில் ஊதினான். மினி பஸ் கிளம்பிப் போயிற்று. பிரதீபா அவர் தோளிலிருந்து மஞ்சப்பையைப் பிடுங்கினாள். "அப்பா, ரிமோட்டை எங்க வச்சுத் தொலைச்சீங்க?"

தமயந்தி இன்னும் ஓயவில்லை. அம்மாவிலிருந்து சித்தப்பாவுக்கும், சித்தப்பாவிலிருந்து அவருடைய குறட்டைக்கும் போய்க்கொண்டிருந்தாள். திட்டிக்கொண்டே தேங்காயைப் பையிலிருந்து எடுத்து அடுப்படியில் வைத்தாள். திட்டிக்கொண்டே அந்தத் தட்டைக் கழுவி, அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"இனிமே இதுலதான் நீங்க திங்கணும். மூளியான தட்டை எந்த விருந்தாளிக்கு வைக்கிறது?"

நேற்றைய வத்தக்குழம்பு விழுந்தது. ஞானசிகாமணி மிச்சமிருந்த தரையின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விரல் கிழிந்துவிடாமல் மூளிப் பக்கத்தைத் தன்னைவிட்டுத் தள்ளித் திருப்பி வைத்துக்கொண்டார்.

"அப்பளம் இல்லையா?" என்றார்.

"அது விருந்தாளிக்கு" என்றாள் தமயந்தி.