எழுபத்தாறு அங்குல மெத்தை

மெத்தையைத் திருப்பிப் போட இரண்டு பேர் வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் அவரும் சேர்ந்துதான் திருப்புவார்கள். அன்றும் திருப்பினார்கள். தலைமாட்டில் அவர், கால்மாட்டில் அவள். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிவிட்டு, "மூணு" சொல்லாமலே அவர் தூக்கிவிடுவார். மெத்தை அவள் மூக்கில் வந்து இடிக்கும். முப்பத்தோரு வருடமாக இதே கூத்து.

"மூணுன்னு ஒரு எண் இருக்கு. பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?"

"தந்தாங்க. அன்னிக்கு நான் லீவு."

பஞ்சு மெத்தை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பள்ளம், நடுவில் ஒரு வரப்பு. "என் பள்ளத்தைவிட உன் பள்ளம் ஆழம். இதையும் எங்கேயாவது எழுதி வச்சுக்கோ," என்றார். தலையணை பறந்து போய் அவர் முதுகில் விழுந்தது. சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார். தச்சுப் பட்டறையில் ஓர் அலமாரிக் கதவுக்குக் கீல் பூட்ட வேண்டும், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீலைப் பூட்டி முடித்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கதவைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினாள். தூங்கினாள் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். கட்டிலில் தன் பள்ளத்தில் படுத்தால், கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு பள்ளம் காலியாகக் கிடந்தது. வேலைக்கு மட்டும் ஒரு நாள் தவறாமல் போனாள். அச்சகத்தில் புரூப் திருத்துகிற வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் 'புரூப் அம்மா'. பிழை ஒன்றும் விடவில்லை. கால்தான் வீங்கிப்போனது.

மகள் வெளியூரில் மருத்துவமனைச் செவிலி. வந்ததும் வராததுமாக அம்மாவின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் அந்த இடத்தில் குழி நின்றது.

"பாரு, குழி விழுது. நாற்காலியில காலைத் தொங்கப்போட்டு அஞ்சு மாசம் தூங்கினா வேற என்ன ஆகும்? என்கூட வந்துடும்மா."

"உன் வீட்டுல நான் என்ன செய்ய?"

"இங்க என்ன செய்யறே?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டே அறை கொண்ட வீடு. இருட்டிலும் எந்த விளக்குப் பொத்தான் எங்கே என்று கைக்குத் தெரியும். அச்சகம் நடந்து போகிற தூரம். மகள் வீட்டில் அவள் விருந்தாளி; இங்கே அவள் அவளாக இருந்தாள். இதையெல்லாம் சொன்னால் மகளுக்கு மனசு புண்படும். "ஒரு மாசம் குடு," என்று மட்டும் சொன்னாள்.

"சரி. மாசக் கடைசி சனிக்கிழமை வருவேன். நீ கட்டில்ல படுத்துத் தூங்கறதை என் கண்ணால பாக்கணும். இல்லைன்னா பெட்டியைக் கட்டு. அப்புறம் நொண்டிச் சாக்கு சொல்லக் கூடாது."

கிளம்பும் முன் மகளே பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கட்டிப் பட்டறைக்கு அனுப்பினாள். அவள் தடுக்கவில்லை. கட்டில் வெறும் பலகையாக நின்றது.

மறுநாள் அவள் மெத்தைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் நல்ல மனிதர்தான். "கூச்சப்படாம செருப்பைக் கழட்டிட்டுப் படுத்துப் பாருங்கம்மா," என்றார். தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியே பார்க்க, பட்டப்பகலில் மல்லாந்து படுப்பது எப்படி? உட்கார்ந்து மட்டும் பார்த்தாள். "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?" என்றார் அவர். "வரேன்" என்று எழுந்து வந்துவிட்டாள். தெருமுனை திரும்பிய பிறகுதான் குடையை மறந்தது தெரிந்தது. அதை எடுக்கவும் திரும்பிப் போகவில்லை.

ஆன்லைன் மெத்தைக்கடையும் அதே கேள்வியைத்தான் கேட்டது. ஆனால் போன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. 'ஒருவர்', 'இருவர்' என்று இரண்டு பொத்தான்களைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. மூன்று நாள் யோசித்தாள். மூன்று நாளும் அது பொறுத்துக்கொண்டது. நான்காம் நாள் 'ஒருவர்' என்பதை அழுத்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இனி எந்த மெத்தை? தொட்டுப் பார்க்காமல், அமுக்கிப் பார்க்காமல் எப்படி எடுப்பது? படித்துத்தான் எடுக்க வேண்டும். படிப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை, புரூப் பார்க்கிற மாதிரி கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படித்தாள். கீழிருந்து போனால்தான் கண் சொகுசாக வழுக்கிக்கொண்டு போகாது. பாதிப் பேர் மெத்தையில் படுக்காமலே எழுதியிருந்தார்கள். வியப்புக்குறிகளை எண்ணினாலே தெரிந்தது. ஒருவர் தன் நாய்க்கு மிகவும் பிடித்திருப்பதாக எழுதியிருந்தார். அவர் எங்கே படுக்கிறார் என்பதற்குத் தகவல் இல்லை. இன்னொருத்தி எழுதியிருந்தாள்: 'என் கணவருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. திருப்பி அனுப்பவில்லை.' யாரை என்று தெளிவாக இல்லை.

இருநூறுக்கு மேல் படித்த பிறகு ஒன்று கிடைத்தது. 'மூன்றாவது வாரம் முதுகுவலி போனது. மற்ற வலிகளைப் பற்றி மெத்தைக்காரர்கள் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. தூக்கம் வருகிறது.' அவள் அதை இரண்டு முறை படித்தாள். படுத்தவர்தான் எழுதியிருக்கிறார். நடுத்தரக் கெட்டி. அதையே தேர்ந்தெடுத்தாள்.

படுப்பது ஒருவர்தான் என்றாலும் மெத்தை கட்டில் முழுக்க வேண்டும்; அந்தக் கட்டிலோ கடை அளவில் இல்லை. அவரே அந்த அறைக்குள் உட்கார்ந்து செய்தது. "கடைக்காரன் சொல்ற அளவுக்கு நான் ஏன் காலை மடக்கணும்?" என்று அறைக்குத் தகுந்தபடி செய்திருந்தார். தலைமாட்டில் ஒரு பலகை, கால்மாட்டில் ஒரு பலகை, இரண்டுக்கும் நடுவில் மெத்தை. சொந்த அளவு கொடுத்தால் செய்து தருவோம், ஆனால் சொந்த அளவில் செய்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றது போன். மற்றவர்களுக்கு நூறு இரவு சோதனை. அவளுக்கு ஓர் இரவுகூட இல்லை.

அதனால் அளவில் பிசகக் கூடாது. அவருடைய டேப்பை எடுத்தாள். முன்பெல்லாம் அவர் அளந்து சொல்வார், அவள் எழுதிக்கொள்வாள். டேப்பை அவள் கையால் தொட்டதில்லை. நுனியில் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. பிடிமானத்துக்கு என்று நினைத்துக்கொண்டாள். தலைமாட்டுப் பலகையில் நுனியை வைத்து, கால்மாட்டில் படித்தாள். எழுபத்தாறு. மறுபடி அளந்தாள். எழுபத்தாறு. முதல் புரூப், இரண்டாம் புரூப், கடைசிப் புரூப் என்று மூன்று தடவை. இருப்பதை இருக்கிறபடி படிக்க வேண்டும், தன் யோசனையைக் கலக்கக் கூடாது. அகலத்தையும் அப்படியே அளந்து சேர்த்து, நீளம் எழுபத்தாறு என்று அழுத்தி அனுப்பினாள்.

மெத்தை வந்ததோ மகள் வருகிற அதே சனிக்கிழமை காலையில். வண்டி ஓட்டி வந்த பெண், ஒரு தூண் மாதிரி உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினாள்.

"இதுக்குள்ளயா ஒரு கட்டில் மெத்தை இருக்கு?" என்று புரூப் அம்மா அதைத் தட்டிப் பார்த்தாள்.

"பிரிச்சுப் பாருங்க, விசுவரூபம் எடுக்கும். கட்டில் மேலயே வச்சுப் பிரிங்கம்மா. தரையில பிரிச்சிட்டு எனக்குப் போன் பண்ணாதீங்க."

கத்தரிக்கோலால் உறையைக் கீறியதும் 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு மூச்சு. சப்பையாகக் கிடந்தது மெல்ல மெல்லத் தடித்தது, அகன்றது, நீண்டது. அவள் ஓர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அகலத்தில் விளிம்பு சற்று வெளியே வந்தது, பரவாயில்லை. நீளத்தில்தான் வினை. தலைமாட்டுப் பலகையில் முட்டியது, கால்மாட்டுப் பலகையில் முட்டியது, போக இடமில்லாமல் நடுவில் ஒட்டகத் திமில் மாதிரி எழுந்து நின்றது. அதன் மேல் உட்கார்ந்தாள். திமில் தலைப்பக்கம் நகர்ந்தது. அங்கே அழுத்தினாள். கால்பக்கம் போய்விட்டது.

டேப்பை எடுத்து மெத்தையின் விளிம்போடு விளிம்பாக அளந்தாள். எழுபத்தேழு! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"எழுபத்தாறு கேட்டேன். எழுபத்தேழு அனுப்பியிருக்கீங்க."

"ஒரு அங்குலம் அதிகமாவா குடுத்திருக்கோம், மேடம்?" என்றது ஒரு பெண்குரல்.

"ஆமா."

"அதுக்காக இதுவரைக்கும் யாரும் எங்களைத் திட்டினதில்ல, மேடம்."

சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று பட்டறைக்குச் சொல்லி அனுப்பினாள். பட்டறையில் மரத்துக்கு மெருகு போடுகிறவர் வந்தார். பத்தொன்பது வயதிலிருந்து அவள் கணவரோடு வேலை பார்த்தவர். பெயரே 'பாலிஷ்' என்றாகிவிட்டது. திமிலைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். நுனியைக் கையில் எடுத்தவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்தார்.

"அண்ணி, இதுல அளந்தீங்களா? இதுக்கு முதல் அங்குலமே கிடையாது. உடைஞ்சு போய் எந்தக் காலமோ ஆச்சு. இது ஒண்ணுலருந்துதான் தொடங்கும். மெத்தைக்காரன் சரியாத்தான் அனுப்பியிருக்கான். கட்டில்தான் எழுபத்தஞ்சு."

"அவர் அளந்து சொல்லி நான் எழுதினதெல்லாம்?"

"மனசுக்குள்ள ஒண்ணைக் கழிச்சிட்டுத்தான் வாயால சொல்வாரு. புது டேப்பு வாங்கேன்ணே, எத்தனை தடவை சொல்றதுன்னு கேட்டா, 'எனக்குக் கழிக்கத் தெரியும், அப்புறம் எதுக்கு?'ம்பாரு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். எத்தனை கதவு, எத்தனை ஜன்னல், எத்தனை அலமாரி! ஒவ்வொன்றுக்கும் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் பென்சிலோடு நின்றவளுக்கு ஒரு நாளும் தெரியவில்லை. அவரைப் பற்றிப் புதிதாக இனி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்றுதான் இத்தனை மாதமாக நினைத்திருந்தாள். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்துப் பாலிஷ் எழுந்தார். அழுகை இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கடங்காரன்... சொல்லியிருக்கக் கூடாதா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"இப்ப என்ன செய்யறது? ஓரத்துல ஒரு அங்குலம் அறுத்துடவா?" என்றார் பாலிஷ்.

"மெத்தையையா? நாளைக்கே உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வந்துடும். கால்மாட்டுப் பலகையைக் கழட்டுங்க."

பாலிஷின் முகம் மாறியது. "அண்ணன் வேலையில நான் கைவைக்கவா? வேணாம் அண்ணி. எனக்குக் கை வராது."

"கழட்டினா கட்டில் விழுந்துடுமா?"

"விழாது. பலகை ஆப்புலதான் நிக்குது. தட்டினா வந்துடும். அதுக்கில்ல..."

"எழுதினவர் போய்ச் சேர்ந்துட்டாலும், ரெண்டாம் பதிப்பு போடும்போது வேணுங்கிறதைத் திருத்தித்தான் போடுவோம். அதனால புத்தகம் வேற ஆளோடது ஆயிடாது," என்றாள். "படுக்கப்போறது நான். கொட்டாப்புளியைக் குடுங்க."

மரச் சுத்தியலை வாங்கி முதல் ஆப்பை அவளே தட்டினாள். மூன்றாம் தட்டுக்கு நகர்ந்தது. மற்றதைப் பாலிஷ் பார்த்துக்கொண்டார். பலகை வந்ததும் மெத்தை ஒரு பெருமூச்சு விட்டு நீட்டிப் படுத்தது. திமில் போன இடம் தெரியவில்லை. ஒரு சட்டம் கொடுத்துப் பலகையை ஓர் அங்குலம் தள்ளிப் பூட்டித் தருகிறேன், புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பலகை சுவரோரம் நின்றது. மணி மூன்று. மகளின் பேருந்து ஐந்துக்குத்தான். விரிப்பைப் போட்டு, சும்மா பார்க்கலாமே என்று உட்கார்ந்தாள். அப்புறம் காலைத் தூக்கி மேலே வைத்தாள். எந்தப் பக்கம் என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. பள்ளம் ஏதும் இல்லை, எங்கேயும் படுக்கலாம். நடுவில் படுத்தாள். புது ரப்பர் வாசனை அடித்தது. உடம்பு எங்கோ விழப்போகிறது என்று தோள் இறுகிக் காத்திருந்தது. விழவில்லை. ஐந்து நிமிடம் படுத்துவிட்டு எழுந்து அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. பக்கத்தில் மகள் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் கசங்கிய உடைகூட மாற்றவில்லை.

"எப்ப வந்தே?"

"முக்கால் மணி நேரமாச்சு. கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கறே. திருடன் வந்தா உன்னையும் சேர்த்துச் சுருட்டிட்டுப் போயிருப்பான்."

"எழுப்பறதுக்கென்ன?"

"கண்ணால பாக்கணும்னு சொன்னேன்ல? பாத்துக்கிட்டிருந்தேன்."

"குறட்டை விட்டேனா?"

"பக்கத்து வீட்டுல ஜன்னலைச் சாத்திட்டாங்க."

அவள் சிரித்தாள். பிறகு நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. "பகல்ல தூங்கிட்டேன். ராத்திரிக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

"தெரியாட்டி என்ன? அடுத்த மாசமும் வந்து பாக்கறேன். அதுக்கடுத்த மாசமும்." மகள் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. எப்படித் தேடிப் பிடிச்சே?"

"படிச்சேன்."

பெட்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை. தேநீர் போட யாரும் எழுந்திருக்கவும் இல்லை. மகள் அவள் பக்கம் திரும்பிப் படுத்தாள், அவளும் ஒருக்களித்துக்கொண்டாள். அவர் செய்த கட்டில் சத்தம் போடவில்லை. அது என்றைக்கும் சத்தம் போட்டதில்லை.