ஆளுக்கு ஒரு வாக்கியம்

...சரி, இந்த அணைத் தண்ணீரின் உப்புக்கும் அந்தக் கபடி ஆட்டக்காரனின் நாடித்துடிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன், யாரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டியவன் நான்தான், சாயங்காலம் மைக்கைப் பிடித்து, காலையிலிருந்து வாசித்த கட்டுரைகள் அத்தனையையும் ஒரே கயிற்றில் கோத்து, ஆளுக்கு ஒரு வாக்கியமாவது பாராட்டிச் சொல்ல வேண்டும், தொகுப்புரை: திரு. தனுஷ்கோடி, வரலாற்றுத் துறை, அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருக்கிறது, தற்காலிக விரிவுரையாளர் என்பதை மட்டும் மரியாதைக்காக விட்டுவிட்டார்கள்... ஆறு வருடமாகத் தற்காலிகம், பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது, அப்பன் இன்னும் தற்காலிகம். மேடைக்குப் பின்னால் பேனர் தொங்குகிறது, 'அறிவும் வாழ்வும் – பல்துறைக் கருத்தரங்கு 1992', அந்தத் தலைப்புக்குள் எதைத்தான் வைக்க முடியாது? பணம் கொடுத்தவர்கள் பல்துறைக் கருத்தரங்கு என்று எழுதியது, ஒரே பொருளைப் பல துறைக்காரர்கள் கூடி உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்காக, எங்கள் பிரின்ஸ்பால் துறைக்கு ஒரு கட்டுரை என்று புரிந்துகொண்டு சுற்றறிக்கை விட்டுவிட்டார், சுட்டிக்காட்டலாமா என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், யாரும் சொல்லவில்லை, அவரவர்க்கு ஒரு கட்டுரை வாசித்த சர்டிஃபிகேட் கிடைக்கிறதே. எனக்குத்தான் கயிறு திரிக்கிற வேலை வந்து சேர்ந்தது.

வேதியியல் ஞானதுரை இன்னும் முடிக்கவில்லை, பிளவக்கல் அணையில் மாதாமாதம் தண்ணீர் மொண்டு வந்து அதில் எந்த உப்பு ஏறியது எந்த உப்பு இறங்கியது என்று அட்டவணை அட்டவணையாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார், முதல் அட்டவணையில் எனக்கு ஒரே பரபரப்பு, அட, தண்ணீருக்கும் பருவம் உண்டா, மழை பெய்தால் மலையிலிருந்து என்னவெல்லாம் கரைந்து வரும், பழைய ஜமீன் காலத்தில் அந்தத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும், இதை வைத்து ஒரு வரலாறு எழுதலாமே என்று மனம் ஓடிப்போய் வத்திராயிருப்பு வரை எட்டிப் பார்த்தது, மூன்றாவது அட்டவணைக்குள் திரும்பி வந்துவிட்டது. எனக்கு எப்போதும் இப்படித்தான். இவருக்கு முன்னால் இயற்பியல்காரர் எட்டு மாதமாகப் பீக்கரில் வளர்த்த ஒரு படிகத்தைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துக் கொண்டுவந்து வரிசையாகக் காட்டச் சொன்னார், கல்கண்டு மாதிரி இருந்தது, அப்போதும் அப்படியே ஒரு ஆசை, நாமும் இயற்பியல் படித்திருக்கலாமோ... கணக்கு வாத்தியார் முடிவிலியில் சின்ன முடிவிலி பெரிய முடிவிலி உண்டு என்றார், ஒருவருக்கும் புரியவில்லை, அவருக்குத்தான் அதிகக் கைதட்டல். நான் மூன்று தடவை பிஎச்.டி.க்குப் பதிந்தவன், முதலில் ராஜபாளையம் மில் தொழிலாளர் வரலாறு, அதில் பாதி போகும்போது மடவார் வளாகத்துக் கோயில் நிலங்கள் பெரிய விஷயமாகத் தெரிந்தது, அதில் பாதி போகும்போது செங்கோட்டை ரயில் பாதை... வழிகாட்டி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், "ஏலே, ஒனக்கு எல்லாமே பிடிக்குது, அதான்லே ஒன் சீக்கு" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? எனக்கு எல்லாம் பிடிக்கும், கால் மணி நேரம் பிடிக்கும்.

மில் சங்கு ஊதுகிறது, ஷிஃப்ட் மாறுகிறது, காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறக் கிளம்பும்போது என் மனைவி ஆவுடையம்மாள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள், "எங்க அண்ணன் மில்லுல டைம் கீப்பர் வேல காலியா இருக்குன்னு சொல்லுதாக. நாளைக்குக் கமிட்டியில ஒங்களுக்கு ஆகலேன்னா பேசாம அங்க போயிருங்க. எனக்கும் நாலு பேருக்குப் பதில் சொல்ல முடியல." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். மச்சினன் மேனேஜராக இருக்கிற மில்லில், வாசலில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே போனான் என்று... முடியாது, என்னால் அது முடியாது. அரசாங்கம் இந்த வருடம் கல்லூரிக்கு ஒரே ஒரு நிரந்தர இடத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறது, எந்தத் துறைக்கு என்பதை நிர்வாகம் முடிவு பண்ணிக்கொள்ளலாம், காத்திருப்பவர்கள் இரண்டு பேர், வரலாற்றில் நான், தாவரவியலில் ஞானபாக்கியம். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள், வ. புதுப்பட்டிக்காரி, மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, கடைசிக் கட்டுரை அவளுடையது. தாவரவியலையும் வரலாற்றையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பார்கள்? நிறுக்கப்போவது கல்லூரிச் செயலாளர், முன்வரிசையில் சோபாவில் இருக்கிறார், மில் முதலாளி, நல்ல மனுஷர், மத்தியானம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டி, "தனுஷ்கோடி சார், நீங்க பேசுனாத்தான் எனக்குத் தூக்கம் வராம இருக்கு. சாயந்தரம் நல்லாச் சிரிக்கச் சிரிக்கப் பேசி முடிச்சிருங்க. நாளைக்குக் கமிட்டி இருக்குல்ல, பாத்துக்கிடலாம்" என்றார். பாத்துக்கிடலாம்... அந்தச் சொல்லை அதற்குப் பிறகு எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

அதனால் கட்டுரை கேட்பதை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு சிரிப்பு தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன், உப்புக்கு ஒன்று இருக்கிறது, 'ஞானதுரை சார் வீட்டுச் சாம்பாரைத் தவிர எல்லாவற்றிலும் உப்பை அளந்துவிட்டார்', படிகத்துக்கு ஒன்று, முடிவிலிக்கு ஒன்று, அது சுலபம், வாசித்த நேரத்தையே சொன்னால் போதும். விலங்கியல்காரர் வந்தார், செண்பகத்தோப்பில் சாம்பல் அணில் எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்று ஸ்லைடு போட்டார், பாதியில் கரண்டு போய்விட்டது, இருட்டுக்குள்ளேயே அணிலை விவரித்தார், அதுவும் எனக்குக் கிடைத்த சரக்குதான். ஆங்கிலத் துறை, அந்நியமாதல் என்ற ஒன்றைப் பற்றி, அவரே அந்நியமாகி ஜன்னலைப் பார்த்து வாசித்தார். கபடி ஆட்டக்காரனின் நாடியைப் பிடித்த உடற்கல்வி, வணிகவியல்... ஒவ்வொருவரும் ஒரு கிணறு தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்கள், பக்கத்துக் கிணற்றில் இருப்பவன் கூப்பிட்டால்கூடக் கேட்காது, நான் ஒருவன்தான் எல்லாக் கிணற்றையும் மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு திரிகிறேன், எனக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் உண்டா? பெரிய தத்துவம், இதை ஆவுடையம்மாளிடம் சொன்னால் எதற்கும் கிணற்றுப் பக்கம் பார்த்துப் போங்க என்பாள். காகிதத்தில் எல்லோர் பெயருக்கும் எதிரே குறிப்பு விழுந்துவிட்டது, கடைசிப் பெயருக்கு எதிரேதான் காலி, இதோ அவளைக் கூப்பிடுகிறார்கள்.

ஞானபாக்கியம் மேடையேறிக் கூடையிலிருந்து மண்ணோடு ஒரு பருத்திச் செடியை எடுத்து மேஜை மேல் வைத்தாள், குடிதண்ணீர் டம்ளரை நகர்த்திவிட்டு, பூச்செண்டுக்குப் பக்கத்தில், முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பச்சைத் தத்துப்பூச்சி பருத்தி இலையின் நரம்பைத் துளைத்து அதற்குள் முட்டையிடும், இலை ஓரம் சிவந்து சுருண்டு செடியே நின்றுபோகும், அதற்காகத்தான் எங்கள் பக்கம் மருந்தை அடி அடி என்று அடிக்கிறார்கள், சில செடிகளில் மட்டும் பூச்சி உட்காருவதில்லை, அந்த இலைகளின் அடிப்பக்கம் பொடிப் பொடியாக ரோமம் இருக்கிறது, பூச்சிக்குக் கால் ஊன்ற முடியவில்லை... குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் கிடையாது, ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிற மாதிரிதான் வாசித்தாள், ஏழு வருடமாக அந்த ரோமத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாள், லென்ஸ் வைத்து, ஒரு சின்னக் கட்டத்துக்குள் எத்தனை என்று. செயலாளர் கொட்டாவி விட்டார், நான் பார்த்தேன், பார்த்ததும் மனதுக்குள் ஒரு சந்தோஷம் சுள்ளென்று வந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் முதலில் வந்தது.

கேள்வி நேரத்தில் ஓய்வுபெற்ற விவசாய அதிகாரி ஒருவர் எழுந்து, "இம்புட்டு வருஷம் எண்ணி என்னம்மா கண்டுபிடிச்சீக?" என்று கேட்டார், குத்தலாகத்தான் கேட்டார். அவள் மேஜையில் சிந்திய மண்ணைக் கையால் கூட்டிக்கொண்டே, "முத நாலு வருஷம் எண்ணுனது தப்புன்னு கண்டுபிடிச்சேன் சார்" என்றாள். சபை நிமிர்ந்தது. "வயல்ல எலையப் பறிச்சு, துணியில சுத்தி, புதுப்பட்டியிலருந்து பஸ்ஸுல கொண்டாந்து இங்க லேப்புல வச்சு எண்ணுவேன். வந்து சேருததுக்குள்ள எல வாடிப்போகும், ரோமம் எல்லாம் படிஞ்சு ஒட்டிக்கிடும். நான் எண்ணுனது வாடுன எலைய சார், பூச்சி உக்காருதது பச்ச எலையில. அத வச்சு ஒரு கட்டுரையும் அச்சாயிருச்சு. அதுல போட்டது தப்புன்னு அவியளுக்கு எழுதிப் போட்டுட்டேன். இப்பம் வயல்லயே சாக்க விரிச்சு உக்காந்து மொதல்லருந்து எண்ணுதேன்." அதிகாரி சும்மா விடவில்லை, "அத ஏம்மா இங்க வந்து சொல்லுதீக, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை, நிஜமாகவே புரியவில்லை, நான் அவள் முகத்தைப் பார்த்தேன், "எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்" என்றாள், செடியைத் திரும்பக் கூடைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நாளைக்குக் கமிட்டி, இன்றைக்கு முன்வரிசையில் செயலாளர், அவர் கேட்கத் தன் நாலு வருடம் வீண் என்று சொல்லிவிட்டுப் போகிறாள், பைத்தியமா இவள்? குனிந்து காகிதத்தைப் பார்த்தால் அவள் பெயருக்கு எதிரே இன்னும் காலி, ஒரு எழுத்து எழுதவில்லை, இவ்வளவு நேரமும் நான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், மனம் வேறெங்கும் ஓடவில்லை, வத்திராயிருப்பு வரை போகவில்லை, பாதியில் விட்ட என் மூன்று ஆராய்ச்சியும் ஞாபகம் வரவில்லை, ஒரு சிரிப்புகூடத் தோன்றவில்லை... நான் ஏதாவது ஒன்றைத் தப்பு என்று கண்டுபிடிக்கிற தூரம் வரைக்காவது போயிருக்கிறேனா? தப்பாகிப் போவதற்கும் ஒரு இடத்தில் உட்கார வேண்டுமே. அந்த வேலை அவளுக்குத்தான். அய்யோ, அது எவ்வளவு சாதாரணமாக மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது, அந்த வேலை அவளுக்குத்தான் சேர வேண்டும், செயலாளருக்கு அது விளங்கவில்லை, கொட்டாவி விட்டார், தப்பு என்று அவளே சொன்னதுதான் அவர் காதில் விழுந்திருக்கும், அது ஏன் பெரிய காரியம் என்று எடுத்துச் சொல்ல இந்த ஹாலில் ஒரே ஒருவனுக்குத்தான் இன்றைக்கு மைக் இருக்கிறது. சொல்லலாம். சொன்னால் டைம் கீப்பர். சொல்லாமல் விட்டால்? யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள், தொகுப்புரைதானே, ஆனால் சொல்லத்தான் போகிறேன், ஒரே வாக்கியம், 'இன்றைக்கு இந்த மேடையில் நடந்த ஆராய்ச்சி இது ஒன்றுதான்', மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்களே, கொள்ளட்டும், ஆவுடையம்மாளுக்கு என்ன பதில் சொல்வேன், அதை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம், தனுஷ்கோடி, வரலாற்றுத் துறை, கூப்பிட்டுவிட்டார்கள்.

மைக் கொய்யென்று கத்தி அடங்குகிறது. உப்பும் சாம்பாரும் சொன்னேன், ஞானதுரையே தொடையில் தட்டிச் சிரித்தார், முடிவிலிக்குக் கணக்கு வாத்தியாரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள், இருட்டு அணிலுக்குச் செயலாளர் சோபாவில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார், காலையிலிருந்து செத்துக் கிடந்த ஹாலுக்கு உயிர் வந்துவிட்டது, எனக்கும் ரத்தம் சூடாக ஓடுகிறது, ஒவ்வொருவர் பெயரும் வரும்போதே சிரிக்கத் தயாராக வாயைத் திறந்துகொள்கிறார்கள், இதுதான் எனக்குத் தெரிந்த தொழில், இதை நான் நன்றாகவே செய்கிறேன்... கடைசியாக, தாவரவியல் துறை செல்வி ஞானபாக்கியம். நிறுத்துகிறேன். அந்த ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்க வாயைத் திறக்கிறேன், எதிரே நூறு முகம், நூறு பேரும் சிரிப்பை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், என் கை தானாக எழுந்து என் வழுக்கைத் தலையைத் தடவுகிறது, "ஏழு வருஷமா ரோமத்தை எண்ணியிருக்காங்க... அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தலையைக் காட்டியிருப்பேன், ஏழு நிமிஷத்துல எண்ணி முடிச்சிருக்கலாமே!" என்கிறது என் குரல்.

ஹால் வெடித்துவிட்டது. செயலாளர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த பிரின்ஸ்பாலின் தொடையில் அடிக்கிறார், என்னைக் காட்டி ஏதோ சொல்கிறார், பிரின்ஸ்பால் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார், நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொண்டேன், அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லையே, யார் என்ன குறை சொல்ல முடியும்? அவளும் சிரிக்கிறாள், கொஞ்சம் தாமதமாக, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், பிறகு கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, மடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, பேனா மூடியைக் கழற்றி, என்னை நிமிர்ந்து பார்க்கிறாள், கட்டுரையைப் பற்றி இனிமேல்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு. சிரிப்பு மெல்ல அடங்குகிறது, இன்னும் கொஞ்ச நேரம் அடங்காமல் இருக்கக்கூடாதா என்று இருக்கிறது எனக்கு. மைக்கைப் பிடித்தபடி நிற்கிறேன், அவள் எழுதிக்கொள்வதற்காகக் காத்திருக்கிறாள்.